துணையில்லாத முதல் வலசை

ஸ்வீடனின் தென்மேற்குக் காடுகளில் ஜூலை மாதம் முட்டையை உடைத்து வெளிவரும் தேன்பருந்துக் குஞ்சு, செப்டம்பரில் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறது. அப்போது அதன் தாயும் தந்தையும் பெரும்பாலும் காட்டில் இருப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியிலேயே அவை தெற்கே போய்விட்டிருக்கும். குஞ்சு இதுவரை கடலைக் கடந்ததில்லை, பாலைவனத்தைப் பார்த்ததில்லை, தான் போகப்போகும் மழைக்காடு எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்லித்தர யாரும் கூட வருவதுமில்லை. இருந்தும் இரண்டு மாதங்களில், உயிரோடு இருந்தால், அது அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், வழி அதன் ரத்தத்திலேயே இருக்கிறது என்பது. இந்த விளக்கத்தில் பாதிதான் உண்மை. பிறப்பில் வருவது ஒரு தோராயமான திசையும், குறிப்பிட்ட பருவம் வந்ததும் கிளம்பியாக வேண்டும் என்ற தவிப்பும் மட்டுமே. அந்தத் திசையைப் பாதையாக மாற்றுவது முதல் ஆண்டில் காற்று, பிந்தைய ஆண்டுகளில் அனுபவம் என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க ஐரோப்பியத் தேன்பருந்தைவிடப் பொருத்தமான பறவை கிடைப்பது கடினம். அதற்குக் காரணம் குளவிகள்.

வேட்டைப் பறவைகளின் வரிசையில் வைத்துப் பார்த்தால் தேன்பருந்தின் உடலமைப்பே விசித்திரமானது. கழுகுக்கும் ராஜாளிக்கும் அந்த முறைத்த பார்வையைத் தருவது கண்ணுக்கு மேல் துருத்தி நிற்கும் எலும்பு விளிம்பு. தேன்பருந்துக்கு அது இல்லை. தலை சிறுத்து, முகம் சாதுவாகத் தெரியும். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே செதில்களைப்போல நெருக்கமாக அடுக்கிய சிறு இறகுகள் உள்ளன. மூக்குத்துளை கீறலாக ஒடுங்கியிருக்கிறது. நகங்கள் நீளமானவை, ஆனால் அதிகம் வளையாதவை. இரையைக் குத்திக் கொல்வதைவிட மண்ணைப் பறிக்கவே ஏற்றவை. இதன் முதன்மையான இரை தரைக்குள் கூடு கட்டும் குளவிகளின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். மரக்கிளையில் அமைதியாக உட்கார்ந்து குளவிகள் எங்கிருந்து வந்து எங்கே இறங்குகின்றன என்று பார்த்திருந்து, கூட்டைக் கண்டுபிடித்ததும் காலால் தோண்டும். சில வேளைகளில் 40 சென்டிமீட்டர் ஆழம்வரை தோண்டிவிடும். கொட்ட வரும் குளவிகளைப் பொருட்படுத்தாமல் அடையை வெளியே இழுத்து, அறை அறையாகப் புழுக்களை எடுக்கும். குளிரும் மழையுமாகக் குளவிகள் குறைந்த கோடையில் தவளை, பல்லி, மற்றப் பறவைகளின் குஞ்சுகள் என்று சமாளிக்கும். ஆனால் அதன் வாழ்க்கையின் கணக்கு முழுவதும் குளவியை வைத்தே போடப்பட்டது. மிதவெப்ப நாடுகளில் குளவிக் கூடு ஓராண்டுச் சமாச்சாரம். வசந்தத்தில் ஒரு ராணி தனியாகத் தொடங்கும். ஜூனில் கூடு சின்னது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கில் பெருகும். குளிர் வந்ததும் இளம் ராணிகளைத் தவிர எல்லாம் செத்துப்போகும். எனவே தேன்பருந்து மே மாதம்வரை வட ஐரோப்பாவுக்கு வருவதில்லை. வலசை வரும் பறவைகளில் கடைசியாக வருபவற்றில் அதுவும் ஒன்று. வந்ததும் இரண்டு முட்டை இடும், சுமார் ஐந்து வாரம் அடைகாக்கும், இன்னும் ஆறு வாரத்தில் குஞ்சு பறக்கும். குஞ்சுக்கு அதிகம் பசிக்கும் காலமும் காட்டில் புழுக்கள் அதிகம் கிடைக்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

இந்த நெருக்கடியான கால அட்டவணையின் விளைவுதான் நமக்கு இங்கே முக்கியம். குஞ்சு நன்றாகப் பறக்கத் தொடங்கும்போது ஆகஸ்ட் நடு ஆகிவிடுகிறது. தேன்பருந்து நெடுந்தூரம் போவது, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து மேலெழும் காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சிறகை விரித்தபடி அடுத்த எழுகாற்றுவரை சறுக்கிச் சென்றுதான். வடக்கே சூரியன் சாயச் சாய அந்தக் காற்றின் வலு குறைகிறது. முதிர்ந்த பறவைகளுக்குக் காத்திருப்பதில் லாபம் இல்லை. குஞ்சுக்கோ இப்போதுதான் முற்றிப் பருத்த குளவிக் கூடுகள் கிடைக்கின்றன. இரண்டு மூன்று வாரம் தின்று கொழுப்பு சேர்த்துக்கொண்டால்தான் அதனால் கிளம்ப முடியும். பெற்றோர் முந்திக்கொள்வதற்கு நான் ஊகிக்கும் காரணம் இதுதான். காரணம் எதுவானாலும், பெருங்கொக்குகளும் பெரிய காட்டு வாத்துகளும் குடும்பமாகச் சேர்ந்து வலசை போக, தேன்பருந்துக் குஞ்சு தனியாகவே போகிறது. ஒரே காட்டில் பிறந்து, ஒரே கண்டத்துக்குப் போகும் இரண்டு கூட்டங்கள்; ஒன்றுக்கு முன்அனுபவம் உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய பரிசோதனையை இயற்கை ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்கிறது.

அதன் முடிவை முதலில் தெளிவாகப் படித்துச் சொன்னவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த ஹாக்கே, ஷெல்லேன், ஆலெர்ஸ்டாம் ஆகிய மூவர். ஆறு முதிர்ந்த பறவைகளையும் மூன்று இளம்பறவைகளையும் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், முதிர்ந்தவை ஆறும் மத்தியதரைக்கடலை ஜிப்ரால்டரில் கடந்தன. அங்கே கடலின் அகலம் 14 கிலோமீட்டர்தான். சஹாராவுக்குள் நுழைந்ததும் ஒருமுறை, அதைத் தாண்டியதும் இன்னொருமுறை என்று திசையைத் திருத்தி, ஒரு பெரிய வளைவாகச் சுற்றிப்போய் சியரா லியோனுக்கும் கேமரூனுக்கும் இடைப்பட்ட பகுதியை அடைந்தன. இளம்பறவைகள் மூன்றும் அப்படிச் சுற்றவில்லை. நேராகத் தெற்கே கிளம்பி, கடல் எதிர்ப்பட்ட இடத்தில் கடலைக் கடந்து, கடைசியில் அதே குளிர்கால நிலத்தில் வந்து இறங்கின. முதிர்ந்தவை எடுத்துக்கொண்டது சராசரி 42 நாள், இளையவை 64 நாள். நேராகப் போன இளையவை குறைந்த தூரம்தான் பறந்திருக்கும் என்று தோன்றலாம். அப்படியும் இல்லை. நாளுக்கு நாள் இப்படியும் அப்படியும் அலைந்ததில் மிச்சமாகியிருக்க வேண்டிய தூரம் கரைந்துவிட்டது.

இதற்கு உடனே எழும் மறுப்பு, குஞ்சுக்கு வலு போதாமல் இருக்கலாமே, அறிவுக் குறைவு என்று ஏன் சொல்ல வேண்டும் என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் அதே ஆய்வில் அதற்கான பதிலும் இருக்கிறது. பயணம் செய்த நாட்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இரு வயதினரின் வேகமும் ஏறக்குறைய ஒன்றே: ஐரோப்பாவில் நாளுக்கு 170 கி.மீ., சஹாராவில் 270, அதற்குத் தெற்கே 125. சிறகில் குறை இல்லை. குஞ்சுகள் பின்தங்கியது வழியில் அதிக நாட்கள் தங்கியதால். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: ஒன்பது பறவைகளை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைப் பற்றிப் பேசலாமா? கூடாது. ஆனால் 2017இல் வான்ஸ்டீலான்ட், கெக்கொனென், பிஹோல்ம் ஆகியோர் தென் பின்லாந்தில் பிறந்த 31 குஞ்சுகளின் முதல் பயணத்தை, அவை வழியில் சந்தித்த காற்றோடு பொருத்திப் பார்த்து வெளியிட்டபோது படம் துலங்கியது. கிளம்பிய சில நாட்களிலேயே பாதைகள் பிரிந்தன. ஆப்பிரிக்காவில் அவை கிழக்கு மேற்காக 3,340 கி.மீ. அகலத்துக்குப் பரவி இறங்கின. கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் இடைப்பட்ட நேர்த் தூரத்தைவிட இது அதிகம். அந்தப் பரவலில் 49 சதவீதத்தைக் காற்று மட்டுமே விளக்கிவிட்டது. மேற்கே வீசிய காற்றில் மாட்டியது மேற்கே போனது, கிழக்கே வீசியதில் மாட்டியது கிழக்கே போனது. சில பறவைகள் பால்டிக் கடலைத் தவிர்க்க ஸ்கேண்டிநேவியா வழியாகச் சுற்றின. சில மத்தியதரைக்கடல் மேல் காற்று தள்ளிய பக்கமெல்லாம் போயின. பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படுவதை உணர்ந்து திருத்திக்கொள்ள, போக வேண்டிய இடம் தெரிந்திருக்க வேண்டும். குஞ்சுக்குத் தெரிந்ததெல்லாம் தெற்கு என்பதுதான்.

பரம்பரையின் பங்கை நான் குறைத்துக் காட்டுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தத் ‘தெற்கு’ சும்மா வந்ததல்ல. கருந்தலைக் கதிர்க்குருவி என்ற சிறு பறவையில், இலையுதிர்காலத்தில் தென்மேற்கே போகும் ஜெர்மன் கூட்டத்தையும் தென்கிழக்கே போகும் ஆஸ்திரியக் கூட்டத்தையும் ஆண்ட்ரியாஸ் ஹெல்பிக் கலந்து இனப்பெருக்கம் செய்ய வைத்தார். பிறந்த கலப்புக் குஞ்சுகள், யாரிடமும் எதையும் கற்காமலே, இரண்டுக்கும் நடுவான திசையைத் தேர்ந்தன. 1991இல் வந்த இந்த முடிவுக்குப் பிறகு, திசை மரபணுவில் வருகிறது என்பதை மறுப்பதில் பொருளில்லை. ஆனால் திசை வேறு, இடமறிவு வேறு. நெதர்லாந்தின் பெர்டெக், 1958இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், வலசையின் நடுவே பிடித்த ஆயிரக்கணக்கான ஸ்டார்லிங் பறவைகளை விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். முன்பு ஒருமுறையாவது போய்வந்த முதிர்ந்தவை வழியைத் திருத்திக்கொண்டு வழக்கமான குளிர்கால இடங்களுக்குத் திரும்பின. முதல் வலசையில் இருந்தவை எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தனவோ அதே திசையில் தொடர்ந்து, தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இறங்கின. தேன்பருந்தில் நாம் பார்ப்பதும் அதேதான். வித்தியாசம் ஒன்று: இங்கே பறவைகளை இடம் மாற்றியது விமானம் இல்லை, காற்று.

இனி வருவது இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவானது. முதிர்ந்தவை எல்லாம் நல்ல வழியில் போகின்றன என்பதாலேயே அவை கற்றுக்கொண்டன என்று ஆகிவிடுமா? பிறப்பிலேயே நல்ல வழி வாய்த்தவை பிழைத்திருக்கலாம். மற்றவை முதல் ஆண்டிலேயே செத்திருக்கலாம். அப்படியானால் நாம் பார்ப்பது படிப்பில்லை, சல்லடை. இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் சல்லடை உண்மையிலேயே கொடூரமானது. தேன்பருந்து உட்பட நான்கு வேட்டைப் பறவையினங்கள் சஹாராவைக் கடந்த 90க்கும் மேற்பட்ட பயணங்களை அலசி ஸ்ட்ராண்ட்பெரியும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல்முறை கடக்கும் இளம்பறவைகளில் 31 சதவீதம் அந்த முயற்சியில் மடிகின்றன. முதிர்ந்தவற்றில் 2 சதவீதம்தான். இரண்டு காரணங்களையும் பிரித்தறிய ஒரே வழி, அதே பறவையைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்வது. ஸ்பெயினில் செர்ஜியோவும் குழுவினரும் கரும்பருந்துகளில் அதைச் செய்தார்கள். ஒரு வயது முதல் 27 வயதுவரையான 92 பறவைகளின் 364 பயணங்களை வைத்து 2014இல் அவர்கள் சொன்ன முடிவு, இரண்டும் நடக்கின்றன என்பது: மோசமாகப் பயணிப்பவை இளமையிலேயே கழிகின்றன, பிழைத்தவையும் ஆண்டுக்கு ஆண்டு தேறுகின்றன. கரும்பருந்துக்கு உண்மையானது தேன்பருந்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்வீடன் ஆய்வின் குஞ்சுகள் மூன்றில் ஒன்றுகூட முதிர்ந்தவை போகும் சுற்றுவழியைத் தன் முதல் திட்டமாக எடுக்கவில்லை. சல்லடை மட்டுமே காரணம் என்றால், குஞ்சுகளில் ஒரு பகுதியாவது தொடக்கத்திலேயே அந்த வளைவைப் பின்பற்ற வேண்டும். எதுவுமே உள்ளே போடாத சல்லடையிலிருந்து எப்படி எடுப்பது?

அனுபவம் எப்படி, எங்கே கிடைக்கிறது? முதல் வலசைக்கு அடுத்த கோடையில் இளம் தேன்பருந்துகள் ஐரோப்பாவுக்குத் திரும்புவதில்லை. ஆப்பிரிக்காவிலேயே சுற்றித் திரிந்து வளர்கின்றன. பிறகு முதன்முறை வடக்கே போகும்போது, முதிர்ந்தவை போகும் அதே பருவத்தில் போவதால் கூட்டத்தோடு சேர வாய்ப்புக் கிடைக்கிறது. ஒரே எழுகாற்றில் நூற்றுக்கணக்கில் வட்டமிடும் பறவைகளில் புதியது பழையதைப் பார்த்துத் தொடர்வது கடினமானதல்ல. கூட்டத்தின் பங்கைக் காட்ட இத்தாலியில் ஓர் அழகான சான்று இருக்கிறது. பாம்புகளைத் தின்று வாழும் ஒரு கழுகினம் அங்கே கூடு கட்டுகிறது. அதன் குஞ்சுகள் முதிர்ந்தவை கிளம்பும் அதே காலத்தில் கிளம்புகின்றன. அந்தக் கழுகுகள் ஆப்பிரிக்கா போக முதலில் வடமேற்கே, அதாவது போக வேண்டிய திசைக்கு நேர் எதிர்ப்பக்கமாக, லிகூரியக் கடற்கரைவரை ஏறி, பிரான்சையும் ஸ்பெயினையும் சுற்றி ஜிப்ரால்டருக்கு வருகின்றன. குஞ்சுகளும் கூடவே வருகின்றன. தெற்கே சிசிலிப் பக்கம் போய்ச் சேர்பவை பெரும்பாலும் இளையவை. எந்தப் பிறவித் திசையும் ஒரு குஞ்சை ஆப்பிரிக்காவுக்குப் போக வடக்கே அனுப்பாது. தேன்பருந்துக்குக் கிடைக்காத துணை இந்தக் கழுகுக்குக் கிடைப்பதால், அது பல ஆண்டுகளில் கற்பதை இது ஒரே பருவத்தில் பெற்றுக்கொள்கிறது.

கற்ற வழிக்கு ஒரு விலையும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லா முதிர்ந்த பறவைகளும் கடல் குறுகும் இடங்களைத் தெரிந்துகொண்டால் எல்லாம் அங்கேயே குவியும். ஜார்ஜியாவின் பாத்துமியில், கருங்கடலுக்கும் மலைக்கும் இடையிலான ஒடுக்கமான வழியில், ஒரே இலையுதிர்காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வேட்டைப் பறவைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு தேன்பருந்துகள். பறவை எண்ணுபவருக்கு அது சொர்க்கம், துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும்தான். இத்தாலியின் மெஸ்ஸினா நீரிணையின் கரைகளில், வசந்தத்தில் ஒரு தேன்பருந்தையாவது சுடாத ஆணுக்கு மனைவி துரோகம் செய்வாள் என்றொரு மூடநம்பிக்கை நிலவி, தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைத் தின்றது. அதை எதிர்த்து இளம்வயதிலிருந்தே போராடிய அன்னா ஜோர்டானோவுக்கு 1998இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. இளம்பறவைகளின் சிதறிய பாதை, சஹாராவில் அவற்றைக் கொன்றாலும், இந்தத் துப்பாக்கிகளிடமிருந்து சிலவற்றையாவது காப்பாற்றியிருக்கும்.

இதுவரை சொன்னதை வைத்து, அனுபவம் என்றால் கடலைத் தவிர்க்கக் கற்பது என்று ஒருவர் முடிவு கட்டலாம். அப்படியானால் ஜப்பானில் வாதம் தடுக்கி விழும். தமிழ்நாட்டுக் காடுகளில் மலைத்தேனீயின் அடையைப் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் கீழைத் தேன்பருந்தின் உறவுக் கூட்டம் ஒன்று ஜப்பானில் கூடு கட்டுகிறது. நம்மிடம் ஆண்டு முழுவதும் தங்குபவையும் உண்டு, வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருபவையும் உண்டு. ஜப்பானியப் பறவைகளோ தப்பாமல் வலசை போகின்றன. ஹிகுச்சி ஹிரோயோஷியின் குழு 2003 முதல் அவற்றைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்ந்தது. முதிர்ந்த பறவைகள் இலையுதிர்காலத்தில் கியூஷுவின் மேற்கு முனையிலிருந்து கிழக்குச் சீனக் கடலை ஒரே மூச்சில், ஏறத்தாழ 700 கி.மீ., கடந்து சீனாவை அடைகின்றன. அங்கிருந்து மலாய்த் தீபகற்பம் வழியாகச் சுமத்ரா, ஜாவா, போர்னியோ என்று இறங்குகின்றன. குஞ்சுகள் செய்வதாக மேலே சொன்ன ‘அறியாத’ காரியத்தை இங்கே முதிர்ந்தவையே செய்கின்றன! ஆனால் வசந்தத்தில் அதே பறவைகள் அந்தக் கடலைத் தொடுவதில்லை. சீனா வழியாக வடக்கே ஏறி, கொரியத் தீபகற்பத்தில் இறங்கி, குறுகிய நீரிணையைத் தாண்டி ஜப்பானுக்குள் நுழைகின்றன. காரணம் கடலின் மேல் வீசும் காற்று. இலையுதிர்காலத்தில் வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளுகிறது; வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் காற்றும் தூக்கிவிடுகிறது. வசந்தத்தில் அந்த உதவி நம்பத்தக்கதாக இல்லை. எனவே முதிர்ந்த பறவைக்குத் தெரிந்தது கடலுக்கு அஞ்ச வேண்டும் என்பதல்ல. எந்தக் கடலை எந்தப் பருவத்தில் நம்பலாம் என்பது. பின்லாந்துக் குஞ்சும் காற்றோடு போகிறது, ஜப்பானிய முதிர்பறவையும் காற்றோடு போகிறது. ஒன்று காற்றுக்கு அகப்படுகிறது, மற்றது காற்றைப் பயன்படுத்துகிறது.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. 31 சதவீதம் சாவு என்பது பரிணாமத்தின் கையில் மிகப் பெரிய கத்தி. இவ்வளவு காலத்தில் சுற்றுவழியை அது ஏன் மரபணுவிலேயே எழுதிவைக்கவில்லை? என் ஊகம் இது. ஸ்வீடன் பறவைக்கு உதவும் வழி தென்மேற்கு, ரஷ்யப் பறவைக்கு உதவும் வழி கருங்கடலின் கிழக்குக்கரை. இரண்டும் மரபில் பதிந்திருந்து, நடுவில் வாழும் பறவைகள் கலந்து குஞ்சு பொரித்தால், ஹெல்பிக்கின் கதிர்க்குருவிகளைப்போல அவற்றின் பிள்ளைகள் நடுத்திசையைப் பெறும்; நடுத்திசை மத்தியதரைக்கடலின் அகன்ற வயிற்றுக்குள் கொண்டுபோய்விடும். எல்லோருக்கும் பொதுவான ஒரு முரட்டுத் தெற்கு, கலப்பினால் கெடுவதில்லை. போகப் போகத் திருத்திக்கொள்ள ஒரு மூளையும் இருந்தால் அதுவே போதும். இதை ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன், ஆனால் சோதிக்க முடியாத ஊகமில்லை. இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் காலநிலை மாற்றத்தால் காற்று மாறி, கிழக்குச் சீனக் கடலின் மேல் இலையுதிர்கால வழியின் அந்தப் பகுதியே பயன்படாமல் போகும் என்று நூரானியும் கூட்டாளிகளும் 2017இல் கணித்திருக்கிறார்கள். கணிப்பு பலித்தால், ஜப்பானியத் தேன்பருந்துகள் இலையுதிர்காலத்திலும் கொரியா வழியாகச் சுற்றத் தொடங்கக்கூடும். அதை முதலில் செய்யத் தொடங்குபவை, பல முறை போய்வந்த முதிர்ந்த பறவைகளாக, அதுவும் ஒரே பறவையின் வாழ்நாளுக்குள் நடப்பதாக இருந்தால் இந்த அத்தியாயத்தின் வாதம் நிற்கும். முதிர்ந்தவை பழைய வழியிலேயே கடலில் விழுந்து சாக, தலைமுறைக்குத் தலைமுறை குஞ்சுகளின் பிறவித் திசை கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதாக இருந்தால், பிறப்பில் வருவது நான் இங்கே கொடுத்ததைவிட அதிகம் என்று கணக்கைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.